டிஜே மிக்ஸிங்கில் கீ சேர்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

பீட் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும், வால்யூமும் சரியாக இருக்கும். ஆனாலும் இரண்டாவது டிராக் உள்ளே வந்ததும் காது கூசும். இரண்டின் கீயும் (பாட்டின் ஆதார சுருதியும் அதன் ஸ்வரத் தொகுப்பும்) இடிக்கிறது என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய இசைக் கோட்பாடு முழுவதையும் படிக்க வேண்டாம். ஒரு சக்கரத்தைப் புரிந்துகொண்டு, வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ லாக் பட்டனைச் சரியாகப் பயன்படுத்தி, காதை நம்பினால் போதும்.

முதலிலேயே ஒரு விஷயம். இரண்டு டிராக்கிலும் ஸ்வரம் உள்ள பகுதிகள் (பாடகர் குரல், பேஸ் லைன், சிந்த், பியானோ) ஒரே நேரத்தில் ஒலிக்கும்போதுதான் கீ இடிக்கும். வெறும் டிரம் ஓடும் இடத்தில் அநேகமாக எந்தக் கீயையும் கொண்டுவரலாம். அதனால் "எந்தக் கீ?" என்பதோடு "எந்த நொடிகளில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கப்போகின்றன?" என்றும் கேட்டுப் பழகுங்கள்.

1. டிராக்குகளை அனலைஸ் செய்யுங்கள்

ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர், விர்ச்சுவல் டிஜே என எல்லா டிஜே சாஃப்ட்வேரும் கீயைத் தாமாகக் கண்டுபிடிக்கும். அனலைஸ் செய்யும் முன் செட்டிங்ஸில் கீ கண்டறியும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது ஆஃப் ஆகியிருந்தால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம்) மட்டும் வரும், கீ பத்தி காலியாகவே இருக்கும். கீயை எண்ணும் எழுத்துமாக (8ஏ, 5பி என்று) காட்டும்படி மாற்றிவிடுங்கள். 'எஃப் ஷார்ப் மைனர்' என்று பெயராகக் காட்டினால் அவசரத்தில் கணக்குப் போட முடியாது.

டிராக்டர் பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள். அதில் 1எம், 1டி என்று வேறொரு முறை உண்டு. அங்கே 1எம் என்பது இங்கே 8ஏ. 1டி என்பது 8பி. எண்கள் தள்ளி இருந்தாலும் விதிகள் ஒன்றேதான்.

2. சக்கரம்

இந்த எண் முறைக்கு கேமலாட் சக்கரம் என்று பெயர். கடிகாரம் மாதிரி 1 முதல் 12 வரை எண்கள். ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர்.

1ஏ ஏ ஃபிளாட் மைனர், 1பி பி மேஜர்
2ஏ இ ஃபிளாட் மைனர், 2பி எஃப் ஷார்ப் மேஜர்
3ஏ பி ஃபிளாட் மைனர், 3பி டி ஃபிளாட் மேஜர்
4ஏ எஃப் மைனர், 4பி ஏ ஃபிளாட் மேஜர்
5ஏ சி மைனர், 5பி இ ஃபிளாட் மேஜர்
6ஏ ஜி மைனர், 6பி பி ஃபிளாட் மேஜர்
7ஏ டி மைனர், 7பி எஃப் மேஜர்
8ஏ ஏ மைனர், 8பி சி மேஜர்
9ஏ இ மைனர், 9பி ஜி மேஜர்
10ஏ பி மைனர், 10பி டி மேஜர்
11ஏ எஃப் ஷார்ப் மைனர், 11பி ஏ மேஜர்
12ஏ டி ஃபிளாட் மைனர், 12பி இ மேஜர்

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். 8ஏ ஓடுகிறது என்றால் அடுத்து 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி ஆகிய நான்கும் பாதுகாப்பானவை. 12க்கு அடுத்தது மறுபடி 1.

காரணம் எளிது. 8ஏவுக்கும் 9ஏவுக்கும் ஏழு ஸ்வரங்களில் ஆறு பொது. எஃப் மட்டும் எஃப் ஷார்ப் ஆகிறது. 8ஏவும் 8பியும் ஏழுமே ஒன்று, நிற்கும் இடம்தான் வேறு. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே வரி போதும்: சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதார சட்ஜமாக வைத்தால் நடபைரவி வருகிறதே, அதேதான். மாறாக 8ஏவோடு 3ஏவைச் சேர்த்தால் பொதுவாக இருப்பவை இரண்டே ஸ்வரங்கள். இந்த ஒரு செமிடோன் இடைவெளி (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் தூரம்) தாளில் சின்னதாகத் தெரியும், காதுக்கு அதுதான் மிக மோசம்.

இதை ஒருமுறை வேண்டுமென்றே கேட்டுப்பாருங்கள். 8ஏ டிராக்கின் மெலடி பகுதியை லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும்படி) போட்டு, அதன் மேல் முதலில் 9ஏ, பிறகு 3ஏ. பத்து நிமிடப் பயிற்சி, ஆனால் இடிக்கும் கீ எப்படி ஒலிக்கும் என்பது அதற்குப் பிறகு மறக்காது.

3. சாஃப்ட்வேர் சொன்னதைச் சரிபாருங்கள்

கீ கண்டுபிடிப்பு எப்போதும் சரியாக இருக்காது. செட்டில் முக்கியமாக வைக்கப்போகும் டிராக்குகளையாவது பியானோ ஆப் ஒன்றை வைத்துச் சோதியுங்கள்:

பேஸ் தெளிவாகக் கேட்கும் 4 பாரை (ஒரு பார் என்பது 4 பீட்) லூப் செய்யுங்கள். எந்த ஸ்வரத்தில் பாட்டு 'வீட்டுக்கு வந்து' ஓய்வதுபோலத் தோன்றுகிறதோ, அதை பியானோவில் தேடுங்கள். அதிலிருந்து மேலே 3 செமிடோனில் உள்ள கட்டையை அழுத்துங்கள், பிறகு 4 செமிடோனில் உள்ளதை. 3 பொருந்தினால் மைனர், 4 பொருந்தினால் மேஜர்.

8ஏவை 8பி என்று சாஃப்ட்வேர் காட்டியிருந்தால் பெரிய நஷ்டமில்லை, ஸ்வரங்கள் அதேதான். பக்கத்து எண்ணைக் காட்டியிருந்தால் நீங்கள் ஒரு படி நகர்வதாக நினைப்பது உண்மையில் இரண்டு படியாகலாம்.

கடைசிப் பல்லவியில் ஒரு செமிடோன் மேலே ஏறும் பாட்டுகளும் உண்டு. கீ பத்தியில் ஒரே எண்தான் இருக்கும், நீங்கள் மிக்ஸ் செய்வதோ கடைசிப் பகுதியில். அப்படிப்பட்டதைக் கண்டால், 8ஏ பாட்டு என்றால் கமென்ட் பத்தியில் 'முடிவில் 3ஏ' என்று எழுதி வையுங்கள்.

4. கீ லாக்

தொடக்கத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. கீ லாக் (சில கருவிகளில் மாஸ்டர் டெம்போ) ஆஃப் ஆகியிருந்தால், வேகத்தைக் கூட்டும்போது சுருதியும் சேர்ந்து ஏறும். ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு ஒரு செமிடோன். 122 பிபிஎம் டிராக்கை 128க்கு ஏற்றினால் 4.9 சதவீதம், சுருதி 83 சென்ட் ஏறிவிடும் (100 சென்ட் ஒரு செமிடோன்). திரையில் 8ஏ என்று போட்டிருந்தாலும் காதில் விழுவது கிட்டத்தட்ட 3ஏ.

எனவே கீ லாக்கை ஆன் செய்துவிட்டு வேகத்தை மாற்றுங்கள். அதற்கும் எல்லை உண்டு: 5 சதவீதத்தைத் தாண்டினால் கிக் டிரம்மின் முனை மழுங்கும், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல நடுங்கும். பிபிஎம் நெருக்கமாக உள்ள டிராக்கைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி.

5. ஒரு மிக்ஸ், ஆரம்பம் முதல்

முதல் டெக்கில் (டிராக்கை ஓடவிடும் பகுதி) 124 பிபிஎம், 8ஏ. இரண்டாவதில் 122 பிபிஎம், 9ஏ.

இரண்டாவதன் கீ லாக்கை ஆன் செய்து வேகத்தை +1.6 சதவீதம் ஆக்குங்கள். அதன் லோ ஈக்யூவை (பேஸ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) முழுவதும் இறக்குங்கள். முதல் டிராக்கில் குரல் முடிந்து 32 பார் மிச்சமிருக்கும் இடத்தில், புதிய சுற்று தொடங்கும் முதல் பீட்டில் இரண்டாவதை ஓடவிடுங்கள். 124 பிபிஎம்மில் 32 பார் என்பது ஏறத்தாழ 62 நொடி, ஆற அமரச் செய்யலாம். வால்யூம் ஃபேடரை ஏற்றும் முன் ஹெட்போனில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எண் பொருந்தி காது மறுத்தால் காது சொல்வதே சரி. 16 பார் கழிந்ததும், அடுத்த முதல் பீட்டில் முதலாவதன் லோவை இறக்கி இரண்டாவதன் லோவை ஏற்றுங்கள். கீ பொருந்தினாலும் இரண்டு பேஸ் லைன் ஒன்றாக ஓடினால் குழம்பும். இரண்டு குரலும் அப்படியே.

6. பொருந்தாத டிராக்கைத்தான் போட வேண்டும் என்றால்

வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் கீ ஷிஃப்ட் வசதி இருந்தால் கணக்கு இது: ஒரு செமிடோன் ஏற்றினால் எண்ணோடு 7ஐக் கூட்டுங்கள், இறக்கினால் 7ஐக் கழியுங்கள். 12ஐத் தாண்டினால் 12ஐக் கழியுங்கள். 1க்குக் கீழே போனால் 12ஐக் கூட்டுங்கள். 1ஏவை ஒரு செமிடோன் ஏற்றினால் 8ஏ. 3ஏவை ஒன்று இறக்கினாலும் 8ஏ. குரல் உள்ள டிராக்கை இரண்டு செமிடோனுக்கு மேல் நகர்த்தாதீர்கள், ஆள் மாறிய மாதிரி ஒலிக்கும்.

ஷிஃப்ட் இல்லையென்றால் டிரம் மட்டும் உள்ள தொடக்கத்தை லூப் செய்து முதல் டிராக்கை முடிக்கலாம். குரல், மெலடி, டிரம் எனப் பாட்டைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்டெம்ஸ் வசதி இருந்தால் குரலையும் மெலடியையும் அணைத்துவிட்டு டிரம்மை மட்டும் உள்ளே விடலாம். 8ஏவிலிருந்து 10ஏவுக்கு இரண்டு எண் தாவுவதையும் இப்படி டிரம் மேலோ, சுற்றின் முடிவில் ஒரே வெட்டிலோ செய்யுங்கள். சுருதி ஒரு முழு டோன் (இரண்டு செமிடோன்) ஏறுவதால் கூட்டம் நிமிரும். அடிக்கடி செய்தால் அந்த ருசி போய்விடும்.

7. எண் ஒன்றுதான், ஆனாலும் இடிக்கிறது

இரண்டும் 8ஏ, கீ லாக் ஆன், இருந்தும் ஒலி புளிக்கிறதா? டேப்பிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ மாற்றிய பழைய பதிவுகளில் சுருதி 20, 30 சென்ட் தள்ளி இருப்பது சகஜம். பியானோ ஆப்பில் எந்தக் கட்டையும் சரியாக ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றால் அதுதான் காரணம். அந்த டிராக்கின் கீ லாக்கை மட்டும் அணைத்து பிட்ச் ஃபேடரை (வேகத்தை மாற்றும் ஃபேடர்) நகர்த்துங்கள். 1 சதவீதத்துக்கு 17 சென்ட். 34 சென்ட் இறங்கியிருந்தால் +2 சதவீதத்தில் சேர்ந்துவிடும். அந்த ஃபேடரை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற டிராக்கின் வேகத்தைக் கீ லாக்கோடு இதற்கு இணையாகக் கொண்டுவாருங்கள்.