1969 கமாரோ இசட்/28: வாங்கும் முன் அசல்தானா என்று உறுதி செய்வது எப்படி

1969-ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ காரின் விசேஷ வகையான இசட்/28 ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அந்த வண்டியின் வின் எண்ணில் (ஆலை தரும் அடையாள எண்ணில்) அது இசட்/28 என்று காட்டும் குறி எதுவும் கிடையாது என்பதைத்தான். அதே காலத்து கிரைஸ்லர், ஃபோர்டு வண்டிகளின் எண்ணில் ஐந்தாவது இடத்திலுள்ள எழுத்து என்ஜினைச் சொல்லிவிடும். 1970, 1971 கிரைஸ்லர் வண்டிகளில் அங்கு 'ஆர்' இருந்தால் அது 426 கன அங்குல 'ஹெமி' என்ஜின். போன்டியாக் ஜிடிஓவுக்கு 1966 முதல் 242 என்ற தொடக்கமே போதுமான சான்று. ஷெவர்லேவிலோ 1972-க்கு முன் வின் எண்ணில் என்ஜின் குறி இடம்பெறவில்லை. இந்த இடைவெளியால்தான் சாதாரண வி8 (எட்டு சிலிண்டர்) கமாரோ ஒன்றில் இசட்/28-க்கு உரிய 302 கன அங்குல என்ஜினை ஏற்றி, பட்டைக் கோடுகளும் சின்னமும் ஒட்டி, பெரும் விலைக்கு விற்க முடிகிறது. கோடு, சின்னம், ஸ்பாய்லர் எல்லாம் இன்றும் கடையில் புதிதாகக் கிடைப்பவை. அவற்றைச் சான்றாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

ஆயினும் வின் எண்ணால் பயன் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அது 124379 என்று தொடங்க வேண்டும்: 1 என்பது ஷெவர்லே, 24 என்பது வி8 கமாரோ, 37 என்பது கூபே, 9 என்பது ஆண்டு. அடுத்து வரும் 'என்' ஒஹாயோவின் நார்வுட் ஆலையையும் 'எல்' லாஸ் ஏஞ்சலஸ் ஆலையையும் குறிக்கும். 24-க்குப் பதில் 23 இருந்தால் அது ஆறு சிலிண்டர் வண்டியாகப் பிறந்தது; 37-க்குப் பதில் 67 இருந்தால் திறந்த கூரை வண்டி. 1969-இல் இசட்/28 இந்த இரண்டு வகையிலும் வரவில்லை என்பதால், அப்படிப்பட்ட வண்டியை அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை. ஓட்டுநர் பக்கம் கண்ணாடி வழியே தெரியும் வின் தகடு பூவிதழ் வடிவத் தலையுள்ள ரிவெட்டுகளால் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இதே எண்ணின் ஒரு பகுதி உடலிலும் இரண்டு மறைவிடங்களில் பொறிக்கப்பட்டிருக்கும்: ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைப் பலகைக்கு அடியில், மற்றொன்று, என்ஜின் அறையின் பின்சுவரில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால். இவற்றைப் பார்க்க இரண்டையும் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரிடம் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது என்ஜின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பு உடல். அதிக நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். பயணி பக்கத்துச் சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான பகுதி இருக்கும். அதில் 'வி0214டிஇசட்' என்பது போன்ற வரி காணப்படும்: 'வி' மிச்சிகனின் ஃபிளின்ட் ஆலை, 0214 என்பது பிப்ரவரி 14, 'டிஇசட்' 1969 இசட்/28-க்கான 302 என்ஜின். வின் எண்ணின் ஒரு பகுதியான வண்டியின் தொடர் எண்ணும் இதே இடத்திலோ, சில வண்டிகளில் ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ பொறிக்கப்பட்டிருக்கும்.

எண்களைப் படிப்பதோடு நிறுத்திவிடாமல், அவை பதிந்துள்ள பரப்பையும் பார்க்க வேண்டும். அந்தப் பரப்பைச் செதுக்கிய ஆலைக் கருவி, முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடுகள் எழுத்தின் விளிம்பு வரை வந்து முட்டுவது தெரியும். பரப்பு கண்ணாடி போல மழமழவென்றோ, சாணைச் சக்கரம் சுழன்ற தடத்தோடோ இருந்தால், பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழ வேண்டும். மேலும், என்ஜின் குறி ஃபிளின்டிலும் தொடர் எண் வண்டி பூட்டப்பட்ட ஆலையிலும், வெவ்வேறு நாளில் வெவ்வேறு அச்சுகளால் அடிக்கப்பட்டவை. இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே எழுத்து அமைப்பில், ஒரே கை அடித்தது போல இருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. இந்த இடத்தைத் துணியாலும் தின்னராலும் மட்டுமே துடைக்க வேண்டும். உப்புத்தாள் பட்டால் சான்றே அழிந்துவிடும்.

தேதிகளின் வரிசையும் பொருந்த வேண்டும். பிளாக்கின் பின்புற விளிம்பில் வார்ப்புத் தேதி எழும்பித் தெரியும். அங்கு 'பி 5 9' என்றால் 1969 பிப்ரவரி 5. என்ஜின் பூட்டப்பட்ட நாள் அதற்குப் பின்பும், வண்டி பூட்டப்பட்ட வாரம் அதற்கும் பின்பும் வர வேண்டும். அந்த வாரம் என்ஜின் அறைப் பின்சுவரிலுள்ள டிரிம் தகட்டில் (வண்டி செய்த விவரக் குறிகள் உள்ள தகட்டில்) இருக்கும்: '02டி' என்றால் பிப்ரவரி நான்காம் வாரம். ஒன்பது மாதம் முந்திய என்ஜினும், வண்டிக்குப் பின் வார்த்த என்ஜினும் அந்த வண்டியுடையவை அல்ல. 1968 டிசம்பருக்குப் பின் நார்வுட்டில் செய்த வண்டிகளின் டிரிம் தகட்டில் 'எக்ஸ்33' அல்லது 'எக்ஸ்77' இருந்தால் அது இசட்/28-ஐக் குறிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் வண்டிகளில் இந்தக் குறியைத் தேட வேண்டாம். போலித் தகடுகள் விற்பனையில் இருப்பதால் இந்தக் குறியை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

எண் இல்லாத பிளாக் எல்லாம் மோசடி என்று முடிவு கட்டுவதும் தவறு. என்ஜினைப் பழுது பார்த்தபோது மேற்பரப்பைச் சீவியதால் எண் மறைந்த நேர்மையான வண்டிகள் உண்டு; உத்தரவாதக் காலத்தில் பிளாக்கை மாற்றிய வண்டிகளும் உண்டு. அவற்றை வாங்கலாம், ஆனால் அசல் என்ஜின் வண்டியின் விலைக்கு அல்ல. என் மதிப்பில், மறுபடி எண் அடித்த வண்டியைவிட எண்ணே இல்லாத வண்டி எவ்வளவோ மேல்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். இசட்/28 நான்கு வேக மேனுவல் கியரோடு மட்டுமே வந்தது. ஆட்டோமேட்டிக் கியரோ ஆலையில் பூட்டிய ஏசியோ கிடையாது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பின்னால் 12 போல்ட் ஆக்ஸிலும், பல தகடுகள் கொண்ட லீஃப் ஸ்பிரிங்கும் இருக்க வேண்டும். கியர்பாக்ஸிலும் வண்டியின் தொடர் எண் பொறித்திருக்கும்.

ஆவணங்களில், உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த 'புரொடெக்ட்-ஓ-பிளேட்' என்ற சிறு உலோகத் தகடு மதிப்புள்ளது. ஆனால் அதற்கும் விலைப்பட்டியல் தாளுக்கும் நகல்கள் செய்கிறார்கள். கனடாவில் முதலில் விற்ற வண்டியானால், ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடாக் கிளையிடமிருந்து வின் எண்ணைக் கொண்டு அந்த வண்டியின் ஆலைப் பதிவு விவரத்தைப் பெறலாம். அமெரிக்காவில் விற்றவற்றுக்கு அந்த வசதி இல்லை என்பதால் பழைய பதிவுச் சான்றுகள், பணிமனை ரசீதுகள், முந்தைய உரிமையாளர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கேளுங்கள். ரசீதில் வின் எண் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண் இல்லாத ரசீது எந்தக் கமாரோவுக்கும் பொருந்தும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், இந்த மாடலை மட்டுமே ஆராயும் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று, எண் பொறித்த பரப்பையும் மறைவிட எண்கள் இரண்டையும் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறைவிட எண்கள் வின் தகட்டோடு ஒத்துப்போகாவிட்டால் விலை பேசவே வேண்டாம். வின் எண்ணை மாற்றுவது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம், அந்த வண்டி உங்கள் கையிலிருந்தே பறிமுதல் ஆகக்கூடும்.