லோட் செல் ரீடிங் வெப்பநிலையோடு நகர்ந்தால் எப்படித் திருத்துவது

லோட் செல் என்பது சுமையில் உலோகம் வளைவதை மின் சிக்னலாக்கும் எடை சென்சார். அதன் மேல் உள்ள எடையை யாரும் தொடவில்லை, ஆனால் காலையில் காட்டிய எண் மதியம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எடையை இறக்கி டேர் செய்ய (காலியான நிலையை ஜீரோவாக்க) முடிந்தால் பெரும்பாலும் அதுவே போதும். நாட்கணக்கில் சுமை ஏறியே இருக்கும் இடங்களுக்குத்தான் கீழே உள்ள வேலை.

நகர்வது இரண்டு விஷயங்கள். ஒன்று ஜீரோ, அதாவது சுமையில்லாதபோது வரும் எண்; இது சுமை எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவுதான் நகரும். 50 கிலோ செல்லின் விவரத்தாளில் 10 டிகிரிக்கு முழு அளவில் 0.02 சதவீதம் என்று இருந்தால் அது 10 கிராம், மேலே ஒரு கிலோ மட்டும் இருந்தாலும் அதே 10 கிராம்தான். இன்னொன்று ஸ்பான், அதாவது ஒரு கிராமுக்கு எண் எவ்வளவு ஏறுகிறது என்பது: சூடானால் உலோகம் கொஞ்சம் கூடுதலாக வளையும், அந்தப் பிழை சுமைக்கு ஏற்ப வளரும். இதற்கான ஈடு பல செல்களுக்கு உள்ளேயே உண்டு, மிச்சம் இருப்பதைத்தான் நாம் திருத்துகிறோம்.

வெப்பநிலை சென்சாரை அறைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். செல்லின் உலோக உடம்பில், கேஜ் (வளைவை உணரும் மெல்லிய பட்டை) ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, மேலே காற்றுப் படாமல் மூடுங்கள். டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலை சென்சார் போதும். செல்லின் சிக்னலைப் படிக்கும் எச்எக்ஸ்711 போர்டுகளில் பொதுவாக பிரிட்ஜுக்கு (செல்லில் உள்ள கேஜ்களின் சுற்றுக்கு) போகும் மின்னழுத்தமே ஏடிசிக்கும் (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்புக்கும்) ரெஃபரன்ஸ் என்பதால் சப்ளை ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போகும். வேறு ஏடிசி என்றால் அதை நீங்களே அப்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அளவெடுப்பு. செல்லைக் கழற்றி மேசையில் வைத்து அளக்க வேண்டாம், சட்டமும் சூட்டில் விரிந்து செல்லைத் தள்ளும், அதனால் பொருத்திய இடத்திலேயே சுமையில்லாமல், நிமிடத்துக்கு ஒருமுறை ரா எண்ணையும் (ஏடிசி தரும், கிராமாக மாற்றாத எண்) வெப்பநிலையையும் இரவு பகலாகப் பதிவு செய்து கிராஃப் போடுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வுதான் ஜீரோ திருத்தம். சூடாகும்போது ஒரு கோடு, குளிரும்போது வேறு கோடு என்று வளையமாக வந்தால் சென்சார் தப்பான இடத்தில் இருக்கிறது, அல்லது வெப்பம் வேகமாக மாறுகிறது. அங்கே பெரிய சமன்பாட்டைப் பொருத்தி மறைக்கப் பார்க்காதீர்கள், காரணத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் முழு அளவுக்குப் பக்கமான, தெரிந்த எடையை வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். ஜீரோவைக் கழித்த பிறகும் வெப்பத்தோடு நகர்வது ஸ்பான்.

கணக்கில் முதலில் ஜீரோ, பிறகு ஸ்பான். உதாரணமாக, 25 டிகிரியில் ஜீரோ 84,000, டிகிரிக்கு 12 ஏறுகிறது; ஸ்பான் கிராமுக்கு 100, டிகிரிக்கு 0.02 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 35 டிகிரியில் ரா எண் 1,84,320. அப்போது ஜீரோ 84,120, மீதி 1,00,200. ஸ்பான் 100.2, வகுத்தால் சரியாக 1000 கிராம். திருத்தாமல் விட்டிருந்தால் 1003.2 காட்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சுமை நெடுநேரம் இருந்தால் க்ரீப்பும், அதாவது சுமை மாறாமலே ரீடிங் மெதுவாக நகர்வதும், சேரும். வெப்பத்தோடு ஏறி, வெப்பம் இறங்கும்போது கூடவே இறங்குவதை மட்டும் திருத்தத்தில் எடுங்கள். ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பதை இந்தச் சாய்வுக்குள் சேர்த்தால் ஒவ்வொரு ரீடிங்கும் கெடும்.