மாடி வீட்டு மீன்தொட்டியும் சித்திரை வெயிலும்

செல்லூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி நிறைந்தால் தண்ணீரே 56 லிட்டர். வீட்டுக்கார அக்காவிடம் கேட்டு, சுவரோரமாக தெர்மகோல் விரித்து வைத்தேன்.

சித்திரையில்தான் சிக்கல். மொட்டை மாடிச் சூடு இறங்கி, கோல்டு ஃபிஷ் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்து வலை போட்டு, டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பில் காற்றுப் படும்படி சாய்த்து வைத்தேன். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். சாயங்காலத்துக்குள் மீன்கள் அடியில் கூழாங்கல்லைக் கொத்த ஆரம்பித்தன. பார்க்கவே நிம்மதி!

ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள், திடீர்க் குளிர் மீனுக்கு ஆகாது. அப்புறம், ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும். அதை ஈடுகட்ட போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு தொட்டியிலேயே தங்கும்; ஆர்ஓ தண்ணீர்தான் நல்லது.