சிம்ப்ளெக்ஸ் அட்டவணையும் புதன்கிழமை இரவும்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்துப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசம் என்று தெரிந்ததும் ஒரே மூச்சில் மூன்றில் பதிந்துகொண்டேன், ஒன்றையும் முடிக்கவில்லை. ஒன்றே ஒன்று எடுங்கள். 4, 8, 12 வாரப் பாடங்கள் இருக்கின்றன; வேலைக்குப் போகிறவருக்கு 8 வாரம் தோது. காலண்டர் வேலை குவியும் மாதங்களில் 12 வாரப் பாடம் எடுத்த புத்திசாலி நான்தான்.

தேர்வுக்கும் உடனே பணம் கட்டிவிடுங்கள். நான் கட்டியபோது 1,000 ரூபாய். இலவசமாகப் பார்த்த பாடத்தைப் பாதியில் விட்டபோது மனம் உறுத்தவில்லை. ஆயிரம் ரூபாய் உறுத்தியது.

அடுத்த முறை ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எடுத்தேன்; இருக்கிற பொருளையும் நேரத்தையும் வைத்து மிகச் சிறந்த பலன் பெறும் வழியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற பாடம். அந்தச் சிறந்த விடையைப் படிப்படியாகத் தேடும் எண் கட்டம்தான் சிம்ப்ளெக்ஸ் அட்டவணை. பேராசிரியர் அதைப் போடும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். காணொலியை நிறுத்திவிட்டுத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். நான் கழிவுத்தாளின் பின்பக்கத்தில் போட்டேன். ஒவ்வொரு படியிலும் ஒரு மாறி, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய ஓர் அளவு, விடைக்குள் நுழையும், இன்னொன்று வெளியேறும். எது வெளியேற வேண்டும் என்பதற்கு, வலப்பக்க எண்ணை நுழையும் மாறியின் நெடுவரிசை எண்ணால் வகுத்து, மிகச் சிறிய ஈவைப் பிடிக்க வேண்டும். நேர்ம எண்களால் மட்டுமே வகுக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல், எதிர்ம எண்ணாலும் வகுத்து அதையே பிடித்துக்கொண்டேன். இரண்டு இரவுகள் போயின. கல்லூரியாக இருந்தால் பக்கத்து பெஞ்சுக்காரன் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பான். கடைசியில் எதிர்வீட்டுக் கணக்கு டீச்சரக்காதான் பார்த்தவுடன் விரல் வைத்துக் காட்டினார். அப்படி ஓர் ஆளை முதல் வாரத்திலேயே தேடிக்கொள்ளுங்கள்.

வாரப் பயிற்சிக்கு என் பாடத்தில் கெடு புதன்கிழமை இரவு 11.59. ஞாயிறன்றே முடித்துவிடுங்கள், புதன் இரவில் மின்சாரம் போனால் யாரிடமும் முறையிட முடியாது. 8 வாரப் பாடத்தில் சிறந்த ஆறு பயிற்சிகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்ச்சிக்குப் பயிற்சியில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வேண்டும். பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கினாலும் தேர்வில் கோட்டை விட்டால் போயிற்று. தேர்வு வீட்டிலிருந்து எழுதுவது அல்ல. மதுரைக்கு முதல் பஸ் பிடித்துப் போய், மையத்துக் கணினியில் மூன்று மணி நேரம் எழுதினேன்.

கல்லூரியில் படிக்கிறவர்கள், கல்லூரி ஒப்புக்கொண்டால், இதை கிரெடிட்டாக, அதாவது பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் பாட அலகாக, மாற்றிக்கொள்ளலாம். பதிவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள். என் போன்றவர்களுக்குச் சான்றிதழ் மட்டும்தான், பட்டம் இல்லை. சான்றிதழைக் காட்டியபோது முதலாளி, "சம்பளம் கேட்கப் போகிறாயா?" என்றார். இல்லை என்றேன். தாள் வெட்டும் கணக்கை மட்டும் என்னிடம் கொடுத்திருக்கிறார்.