மழைக்காலத்துக்கு ஏற்ற பரங்கிக்காய் ஓட்ஸ் குக்கி: முதன்முறை செய்பவர்களுக்கு

பரங்கிக்காய் சேர்த்த குக்கி சரியாக வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: காயில் இருக்கும் நீர். பரங்கிக்காயின் எடையில் சுமார் 90 சதவீதம் நீர். அதைப் போக்காமல் மாவில் கலந்தால் குக்கியின் நடுப்பகுதி வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும். ஈரத்தைச் சரிக்கட்ட மாவைக் கூட்டினால் சுவை மங்கும். சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்ட வேண்டிவரும். கடைசியில் சத்தான பலகாரம் என்ற எண்ணமே அடிபட்டுப் போகும். ஆகவே இந்தக் குறிப்பில் பரங்கி விழுதுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அது சரியாக அமைந்துவிட்டால், இதுவரை ஓவனைத் தொடாதவருக்கும் மற்ற வேலைகள் எளிது.

அமெரிக்காவில் இலையுதிர்காலம் பூசணிக்காலம். அக்டோபர் 31 ஹாலோவீன் தொடங்கி, நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நவிலும் நாள் வரை, பூசணியோடு பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு சேர்த்த பலகாரங்கள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதே வாரங்களில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. மாலையில் மழை பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நேரத்தில் சுக்கும் கிராம்பும் மணக்கும் ஒரு தின்பண்டம் நமக்கும் பொருந்தும். அங்கே பலரும் டின்னில் அடைத்த பூசணி விழுதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த விழுது பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற இனக் காயிலிருந்து வருகிறது. நம் ஊர்ச் சந்தையில் விற்கும் பரங்கியும் பெரும்பாலும் அதே இனம்தான். இறக்குமதி டின்னுக்கு அலையத் தேவையே இல்லை.

சத்தைப் பற்றி முதலில் தெளிவாகப் பேசிவிடலாம். வழக்கமான பல ஓட்ஸ் குக்கி செய்முறைகளில், மாவும் ஓட்ஸும் சேர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சர்க்கரையும், அதற்குச் சற்றுக் குறைவாக வெண்ணெயும் இருக்கும். இங்கே 240 கிராம் மாவு, ஓட்ஸ் கலவைக்கு 90 கிராம் நாட்டுச்சர்க்கரையும் 60 கிராம் வெண்ணெயும்தான். குறைத்த இடத்தை நிரப்புவது பரங்கி விழுது: இனிப்பும் ஈரப்பதமும் அதிலேயே இருக்கின்றன. மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு. முட்டை வேண்டாம், விழுதே மாவைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனாலும் இது மருந்து அல்ல, இனிப்புத்தான். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் அளவு வேண்டும். இந்தக் குறிப்பில் உள்ள 150 கிராம் ஓட்ஸ் முழுவதிலும் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, அது 18 குக்கிகளுக்குப் பங்காகிறது. காலையில் குடிக்கும் ஓட்ஸ் கஞ்சியின் இடத்தில் இரண்டு குக்கியை வைத்துவிடாதீர்கள். நாட்டுச்சர்க்கரையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். ஒரு குக்கியில் அது சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள்.

தேவையானவை (18 குக்கிகளுக்கு)

பரங்கிக்காய் – தோலோடு அரைக் கிலோ (கெட்டி விழுதாக 150 கிராம் வேண்டும்)
தட்டை ஓட்ஸ் – 150 கிராம்
கோதுமை மாவு – 90 கிராம்
நாட்டுச்சர்க்கரை – 90 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 60 கிராம் (அல்லது தேங்காய் எண்ணெய் 50 மி.லி.)
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
சமையல் சோடா, உப்பு – தலா கால் தேக்கரண்டி
பட்டைத்தூள் – 1 தேக்கரண்டி
சுக்குத்தூள் – அரைத் தேக்கரண்டி
ஜாதிக்காய்த் துருவல் – கால் தேக்கரண்டி
கிராம்பு – 2, பொடித்தது
பூசணி விதை, உலர் திராட்சை – இரண்டும் சேர்ந்து 40 கிராம்

காய் வாங்கும்போது

மஞ்சள் பூசணி என்று கேட்டாலும் பரங்கி என்று கேட்டாலும் சென்னையில் கிடைக்கும். கோவைப் பக்கத்தில் இதுவே அரசாணிக்காய். வெண்பூசணி இதற்கு உதவாது. முழுக்காயை வாங்காமல், கடையில் வெட்டி வைத்திருக்கும் பத்தையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே என்ன நிறம் என்று கண்ணால் பார்த்துவிடலாம் அல்லவா? சதை வெளிர்மஞ்சளாக இருந்தால் அது இளங்காய். கூட்டுக்கு அருமை, குக்கிக்கு ஆகாது. ஆழ்ந்த ஆரஞ்சு நிறம், பருத்த விதைகள், நகம் இறங்காத தோல் ஆகியவை முற்றிய காயின் அடையாளங்கள். முற்றிய காயில் இனிப்பு அதிகம், நீர் குறைவு. வெட்டிய பக்கம் வழவழப்பாக இருந்தால் வெட்டி நேரமாகிவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் அது சீக்கிரமே கெட்டுவிடும்.

விழுது தயாரிக்கும் முறை

குக்கரில் தண்ணீர் ஊற்றி வேகவைக்காதீர்கள். நாம் வெளியேற்ற நினைக்கும் நீரை நாமே கூட்டுவதாக ஆகிவிடும். விதையை வழித்துவிட்டு, தோலைச் சீவாமல் பெரிய துண்டுகளாக வெட்டி, தோல் கீழே இருக்கும்படி இட்லிப் பானையில் அடுக்கி 15 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கத்தி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. மூடியைத் திறக்கும்போது அதில் கோத்திருக்கும் நீர் காயின் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஆறியதும் கரண்டியால் சதையை வழித்தால் தோல் தனியே வந்துவிடும்.

வழித்த சதையை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, வடிகட்டியில் அரைமணி நேரம் வையுங்கள். கீழே வடியும் மஞ்சள் நீரைக் கொட்டாமல் சாம்பாரில் சேர்க்கலாம். பிறகு மத்தால் மசித்து, அகலமான அடிகனத்த வாணலியில் மிதமான தீயில் கிளறுங்கள். முதலில் தெறிக்கும்; நீளமான கரண்டி நல்லது. நேரம் ஆக ஆக நிறம் ஆழமாகும், பச்சை வாசனை மாறி ஒரு தித்திப்பு மணம் வரும். அல்வா பதம்போல விழுது திரண்டு ஓரங்களை விட வேண்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: கோட்டில் நீர் கசியாமல் வாணலியின் அடி தெரிந்தால் போதும், இறக்கிவிடலாம். காயைப் பொறுத்து 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். இந்த வேலையில் அவசரம் கூடாது; குக்கியின் சுவை முழுவதும் இங்கேதான் உருவாகிறது.

விழுதை நன்றாக ஆறவிட்டு 150 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் சப்பாத்தி மாவிலோ அடை மாவிலோ கலந்துவிடலாம்.

உலர் பொருட்கள்

ஓட்ஸில் தட்டையாக, முழு இதழாக இருக்கும் வகைதான் வேண்டும். உடனடி ஓட்ஸ் குழைந்துவிடும். உடைத்த ஓட்ஸ் இந்த நேரத்துக்குள் வேகாமல் பல்லில் கடிபடும். வெறும் வாணலியில் நாலைந்து நிமிடம் வறுத்தால் மணம் கூடும். மழை நாளில் ஓட்ஸ் டப்பாவுக்குள் ஏறியிருக்கும் ஈரமும் போகும்.

மசாலாவைக் கடைப்பொடியாக வாங்காமல் முழுதாக வாங்கி அன்றன்று பொடிப்பதையே நான் வலியுறுத்துவேன். சுக்கும் ஜாதிக்காயும் நாட்டு மருந்துக் கடையில் தரமாகக் கிடைக்கும். கிராம்பு கன்னியாகுமரியில் விளைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கிராம்பு நல்ல காரமும் மணமும் உள்ளது. அதனால்தான் இரண்டே இரண்டு என்று சொன்னேன். மூன்று போட்டால் மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும். பட்டையில், மரப்பட்டைபோலத் தடித்ததை விட்டு, காகிதச் சுருள்போல அடுக்கடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டையை எடுங்கள். மிக்ஸியில் நைசாக அரைபடும், மணமும் மென்மையானது.

ஓட்ஸ், கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, மசாலா எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கலந்து வையுங்கள்.

கலப்பதும் தட்டுவதும்

சென்னை வெப்பத்தில் வெண்ணெய் வெளியே வைத்த சிறிது நேரத்திலேயே இளகிவிடும். விரல் வைத்தால் பதிய வேண்டும், உருகி ஓடக் கூடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடுவதால் இங்கே பெரும்பாலும் திரவமாகத்தான் இருக்கும், அப்படியே ஊற்றலாம். பரங்கியும் தேங்காயும் நல்ல ஜோடி, எனக்குப் பிடித்தது அதுதான். கொழுப்பை முழுவதுமாகத் தவிர்க்க நினைக்காதீர்கள். பரங்கிக்கு அந்த நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

நாட்டுச்சர்க்கரையைக் கட்டியில்லாமல் சலித்து, வெண்ணெயோடு இரண்டு நிமிடம் குழையுங்கள். ஆறிய பரங்கி விழுதைச் சேர்த்துக் கலக்குங்கள். கலவை சற்றுத் திரிந்ததுபோல் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். மாவு சேர்ந்ததும் ஒன்றாகிவிடும். உலர் கலவையைக் கொட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசைந்தால் குக்கி இறுகிப்போகும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத நிலையில் நிறுத்திவிட்டு, திராட்சையையும் விதையையும் சேருங்கள்.

இப்போது பாத்திரத்தை மூடி 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓட்ஸும் கோதுமைத் தவிடும் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் முன்பு ஒட்டிய மாவு உருண்டை பிடிக்க வரும். அப்போதும் ஒட்டினால் இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸைப் பொடித்துச் சேருங்கள். கோதுமை மாவு வேண்டாம்.

எலுமிச்சை அளவு உருட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் வைத்து, ஈரக்கையால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். வெண்ணெய் அதிகமுள்ள குக்கிகள் சூட்டில் தாமாகப் பரவும், இவை பரவாது. நீங்கள் தட்டிய வடிவத்திலேயேதான் வெந்து வரும். ஆகவே நெருக்கமாக வைக்கலாம், ஒரு விரல் இடைவெளி போதும்.

ஓவனில்

ஓடிஜி அடுப்பை (மேசை மேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) 175 டிகிரி செல்சியஸில், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வைத்து 15 நிமிடம் முன்சூடாக்குங்கள். தட்டை நடுத்தட்டில் வைத்து 16 முதல் 18 நிமிடம். ஓரமும் அடிப்பகுதியும் பொன்னிறமாகி, நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழாமல் இருந்தால் எடுத்துவிடலாம். பரங்கியின் நிறத்தால் மேற்புறம் முதலிலிருந்தே பொன்னிறமாகத் தெரியும்; அதை நம்பாதீர்கள், ஒன்றைத் திருப்பி அடியைப் பாருங்கள். எடுத்தவுடன் மென்மையாக உடையும் நிலையில் இருப்பதால் தட்டிலேயே 5 நிமிடம் விட்டுவிட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். மூடிய தட்டில் ஆறினால் ஆவி அடியில் கோத்து ஈரமாகும்.

ஓவன் இல்லையா? அடிகனத்த பெரிய பாத்திரத்துக்குள் ஒரு ஸ்டாண்டு போட்டு, மூடி, குறைந்த தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். குக்கித் தட்டை உள்ளே வைத்து மூடி 20 முதல் 25 நிமிடம். மேற்புறம் சிவக்காது; கடைசி 5 நிமிடம் திருப்பிப் போட்டால் இருபுறமும் நிறம் பெறும்.

எடுத்து வைக்க

இவை மொறுமொறுப்பான பிஸ்கட் வகை அல்ல. ஓரம் உறுதியாகவும் நடு மெத்தென்றும் இருப்பதுதான் சரியான பதம். உள்ளே ஈரப்பதம் உள்ளதாலும் வெளியே மழை ஈரம் இருப்பதாலும் சென்னையில் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். முழுவதும் ஆறிய பிறகு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள் இருக்கும். சாப்பிடும் முன் தோசைக்கல்லில் ஒரு நிமிடம் சூடாக்கினால் மணம் திரும்பும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டியதும் இல்லை. தட்டிய மாவைத் தட்டோடு ஃபிரீசரில் உறையவைத்து, கெட்டியானதும் பைக்கு மாற்றி, வேண்டும்போது நாலு நாலாக எடுத்து, உறைந்த நிலையிலேயே கூடுதலாக மூன்று நிமிடம் சுட்டுக்கொள்ளலாம்.