மார்கழியில் மாடி நிறைய வண்ணம்: சென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்ததும் என்னிடம் வரும் கேள்வி இது: "அக்கா, செடி தளதளன்னு இருக்கு, மொட்டே வைக்கலையே?" கேட்பவர்கள் மாடித் தோட்டத்துக்குப் புதியவர்கள். அவர்கள் செய்வதையெல்லாம் தாம்பரம் பக்கம் இதே மொட்டை மாடியில் நானும் செய்திருக்கிறேன். தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் படவேண்டும் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இரவில் விளக்கை எரியவிடுவது

இதைப் பற்றிப் பேசினால் இன்னமும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இரண்டு குளிர்காலம் இதில் போயிற்று. ஆறு தொட்டிச் சாமந்தி, இரண்டு பாய்ன்செட்டியா (கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு இலையோடு விற்பார்களே, அதுதான்) வளர்த்தேன். ஆடி, ஆவணியில் புதராக வளர்ந்தன. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, ஒரு மொட்டு இல்லை. செடி வாங்கிய இடத்தில் கேட்டேன். உரம் போதவில்லை என்றார்கள். டி.ஏ.பி. என்ற ரசாயன உரம் வைத்தேன், மண்புழு உரம் வைத்தேன், மண்ணையே மாற்றினேன். கிட்டத்தட்ட 3,000 ரூபாய் செலவு. இலைதான் இன்னும் பெரிதாயிற்று.

அடுத்த வருட மார்கழியில்தான் விஷயம் கண்ணில் பட்டது. பாய்ன்செட்டியாவில் தண்ணீர் டேங்க் பக்கம் இருந்த கிளைகள் மட்டும் சிவந்திருந்தன. மறுபாதி முழுப் பச்சை. அந்தப் பச்சைப் பாதிக்கு நேர் எதிரே மாடிப்படி எல்.இ.டி. விளக்கு. திருட்டுப் பயத்துக்காக மாலை ஆறு மணிக்குப் போட்டால் விடிந்துதான் அணைப்போம்.

சாமந்தியும் பாய்ன்செட்டியாவும் இரவின் நீளத்தை வைத்துத்தான் பருவத்தைத் தெரிந்துகொள்கின்றன. பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் தொடர்பு உண்டு என்று 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் எழுதினார்கள். செடி உண்மையில் அளப்பது தொடர்ச்சியான இருட்டை என்பது அதற்குப் பிறகு தெரியவந்தது. சென்னையில் ஆனி மாதத்தில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் இந்தச் செடிகளுக்கு அது போதும். புரட்டாசி முடியும்போது இரவு பகலைவிட நீண்டுவிடும், செடி பூக்கத் தயாராகும். நடுவில் விளக்கு எரிந்தால் அதற்கு அது இன்னும் கோடைதான்.

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதையே தெரிந்து செய்கிறார்கள். தண்டு நீளும்வரை இரவில் பல்பு எரியவிட்டு மொட்டைத் தடுத்து வைப்பார்கள். வேண்டிய உயரம் வந்ததும் அணைத்துவிடுவார்கள். அவர்கள் கணக்குப் பார்த்து எரிக்கும் விளக்கை நாம் கணக்கில்லாமல் எரித்துவிட்டு உரத்தைக் குறை சொல்கிறோம்.

போன ஐப்பசியில் எதிர் வீட்டுப் பெண் கூப்பிட்டாள் என்று போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு தொட்டிச் சாமந்தி, பால்கனி கம்பி முழுக்கச் சீரியல் பல்பு. செடிகளுக்கு அழகாக இருக்கும் என்று தீபாவளியிலிருந்து தினமும் போட்டிருக்கிறாள். அன்றே கழற்றச் சொன்னேன்.

புரட்டாசிக் கடைசியிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் இருட்டு கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் விளக்கென்றால் அணைத்துவிடலாம். தெருவிளக்கென்றால் தொட்டியை டேங்குக்குப் பின்னாலோ சுவர் மறைவிலோ நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் மாலையில் அட்டைப்பெட்டியோ கனமான கறுப்புத் துணியோ போட்டு மூடி, காலையில் எடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே புழுங்கிவிடும். பெட்டூனியா, டயாந்தஸ் என்ற குளிர்காலப் பூச்செடிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றைத் தெருவிளக்குப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

டெல்லிக்காரர் சொல்லும் மாதத்தில் விதைப்பது

வீடியோவில் செப்டம்பரில் பெட்டூனியா விதைத்து நவம்பரில் நடச் சொல்வார்கள். அங்கே அப்போது மழை ஓய்ந்திருக்கும். நமக்கு ஐப்பசியில்தான் அடைமழை தொடங்குகிறது. திறந்த மாடியில் வைத்த நாற்று இரண்டே நாளில் அடித்தண்டு நைந்து சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பார்கள். ஒரு தட்டில் ஆரம்பித்தால் பக்கத்துத் தட்டுக்கும் போகும்.

அக்டோபர் கடைசியில் கூரைக்கு அடியில், வெளிச்சம் வரும் இடத்தில் விதையுங்கள். பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும், மேலே தூவினால் போதும். மண் போட்டு மூடினால் முளைக்காது. மழை குறைந்ததும் டிசம்பரில் தொட்டிக்கு மாற்றினால் தை பிற்பாதியில் பூக்கத் தொடங்கி, பங்குனி வெயில் ஏறும்வரை நிற்கும்.

நுனி கிள்ளிக்கொண்டே இருப்பது

கிளை விடட்டும் என்று நுனி கிள்ளுவதைச் சாமந்திக்கு ஆவணியோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு கிள்ளினால் போவது பூ.

முழுக்கப் பூத்த செடியை வாங்குவது

ஒன்றிரண்டு பூ, மீதி மொட்டு. அப்படிப் பார்த்து எடுங்கள்.

துலிப் கிழங்கு

வேண்டாம். அதற்கு மாதக்கணக்கில் குளிர் வேண்டும்.

சீசன் முடிந்ததும் பாய்ன்செட்டியாவைத் தூக்கிப்போடுவது

மாசியில் சிவப்பு இலைகள் கொட்டத் தொடங்கும். செத்துவிட்டது என்று பலர் வேரோடு பிடுங்குகிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும், கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசிக்கு அரைநிழலில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஆனியில் புதுத் துளிர் விட்டதும் வெயிலுக்கு நகர்த்தலாம். டேங்க் பக்கம் சிவந்து எனக்கு விஷயத்தைக் காட்டிக்கொடுத்த அந்தச் செடி, இப்படி வெட்டி வெட்டி, என் மாடியில் இன்னும் இருக்கிறது.