கட்டிலில் இருந்து மலசலகூடம் வரை: சென்சர் லைற்றும் பிடிகம்பியும்

ஊரில் இருக்கும் வயதான தாய் தகப்பனுக்கு, விழுந்தால் தானாகவே பிள்ளைகளுக்குப் போன் எடுக்கும் கைப்பட்டியைத்தான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதலில் தேடுகிறார்கள். அது விழுந்த பிறகே உதவும். சார்ஜ் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வன்னியில் பல வீடுகளில் மலசலகூடம் வெளியே வளவுக்குள் இருப்பதால், வெளிச்சமும் பிடிகம்பியும்தான் முதல் வேலை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான்.

முதலில் ஆளின் நடையைப் பாருங்கள். கதிரையில் இருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்லி நேரம் பிடியுங்கள். பொல்லுப் பிடிப்பவர் பொல்லோடேயே நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் விழக்கூடியவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சோலர் லைற்றைத் தாழ்வாரத்துக்குக் கீழே பூட்டுவதுதான் வழக்கமான பிழை. நிழலில் பற்றரி நிறையாது, நடுச்சாமத்தில் அணைந்துவிடும். பனல் தனியாக, வயரோடு வரும் வகையை வாங்கிப் பனலைக் கூரையில் தெற்குப் பார்க்கச் சற்றுச் சரித்து வையுங்கள். கோடையில் புழுதியைத் துடைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக்கு எப்படியும் சார்ஜ் குறையும். அந்த மாதங்களில் தலைமாட்டில் ரோச் லைற் இருக்கட்டும்.

ஆள் வருவதைக் கண்டு லைற்றை எரிய வைக்கும் சென்சர் 2 முதல் 2.5 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும். அது தனக்குக் குறுக்கே போகிறவரை உடனே பிடிக்கும், நேரே வருகிறவரைப் பிந்தித்தான் காணும். ஆகவே பாதையின் முடிவில் அல்ல, பக்கத்தில் பூட்டுங்கள். உடல் சூட்டுக்கும் சுற்றுச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அது வேலை செய்கிறது. சித்திரை வெக்கையில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். பெட்டியில் 8 மீற்றர் தூரம் பிடிக்கும் என்று போட்டிருந்தாலும் 4 என்றே கணக்கு வையுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் எரியும். பாம்புக்கு எரியாது, அதன் உடம்பு சுற்றுச் சூட்டோடு ஒத்திருப்பதால். வெளிச்சம் மஞ்சளாக, கண்ணில் அடிக்காமல் காலடியில் விழ வேண்டும். எப்போதும் மங்கலாக எரிந்து, ஆள் வந்தால் கூடும் வகையே வயதானவருக்கு நல்லது; கும்மிருட்டில் திடீரென்று எரிந்தால் கண் கூசிக் கால் தடுமாறும்.

பிரஷர் குளிசை எடுப்பவர் படுக்கையால் சட்டென்று எழும்பக்கூடாது. கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் இருந்துதான் எழும்ப வேண்டும்.

பிடிகம்பிக்கு 1 அங்குல ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) பைப் போதும். அந்த அளவு உள்விட்டம். வெளிவிட்டம் 33 மில்லிமீற்றர் வரும், கைக்கு அளவான பிடி. ஒன்றரை அங்குலப் பைப் என்றால் மெலிந்த விரல் சுற்றிப் பிடிக்காது. சுவருக்கும் பைப்புக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் விடுங்கள்; கூடினால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய்ச் சிக்கும். உயரத்துக்கு, ஆளை நிமிர்ந்து நிற்க வைத்து, தொங்கும் கையின் மணிக்கட்டில் அளவெடுங்கள். துவாரமுள்ள சீமெந்துக் கல்லில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. சுவரை ஊடறுத்துத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட்டை இறுக்குங்கள். வீட்டிலேயே பாரமான ஆள் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்து, அசையவில்லை என்று கண்ட பிறகே வயதானவரைப் பிடிக்க விடுங்கள்.